செவ்வாய்க்கிழமைப் பழுது

அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் லிஃப்டில் பேய் இருப்பதாகப் பேச்சு. கண்ட நேரத்தில் வரும் பேய் இல்லை. அலுவலக நேரம் அனுசரிக்கும் பேய். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு லிஃப்டை நிறுத்தும், ஏழரைக்கு ஓட விடும், நடுவில் தும்மும். இரண்டாம் மாடிப் பல் மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கும் பெண் அந்தத் தும்மலைத் தன் காதால் கேட்டிருக்கிறாள். வாயில் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நோயாளி ஒருவரும் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் அப்போது சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. முதல் மாடிக் கணக்காளர் அலுவலகத்தில் ஒரு படி மேலே போய், கட்டடம் எழும்பியபோது லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்த கொத்தனார்தான் அது என்றார்கள். அவர் மீசை எப்படி இருந்தது என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

விசாரித்துப் பார்த்ததில், கட்டடம் எழும்பியபோது யாரும் சாகவில்லை. லிஃப்டே ஒன்பது வருடம் கழித்துத்தான் வந்தது. வாசல் காவலாளி மட்டும் பேய் என்ற பேச்சையே ஏற்கவில்லை. "டூல்ஸ் பையைத் தூக்கிட்டு வர்ற பேயை நான் பாத்ததில்லைங்க. புஸ்தகத்துல கையெழுத்து வேற போட்டுட்டுப் போகுது" என்று லிஃப்ட் பராமரிப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். வரிசையாக ஏழு செவ்வாய்க்கிழமைகள். ஏழிலும் ஒரே கையெழுத்து, ஒரே காரணம்: கதவு உராய்வு.

கையெழுத்துக்குச் சொந்தக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்கு 'மேல்கீழ்' என்று பெயர். நாற்பத்தாறு வயது, அதில் இருபத்திரண்டு வருடம் லிஃப்டுகளின் கூரை மேல் கழிந்தது. கயிறு தேய்ந்திருப்பதை விரலால் தடவிச் சொல்வார். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த மாடியில் எது உரசுகிறது என்று சொல்லிவிடுவார். குடி மட்டும் எப்போது எங்கிருந்து ஏறியது என்று அவருக்கே தெரியாது. முதலில் சம்பள நாளில் மட்டும் என்று இருந்தது. பிறகு சனிக்கிழமைகளில் மட்டும் என்றானது. அதன் பிறகு கிழமைகளுக்குள் பாகுபாடு பார்ப்பதை விட்டுவிட்டார்.

கம்பெனிக்கு அதைத் தெரிவித்தது ஒரு செருப்பு. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் ஒரு காலை வேலை முடித்தவர், வெளிக்கதவின் கொண்டி விழுந்ததா என்று இழுத்துப் பார்க்காமல் போய்விட்டார். லிஃப்ட் நிற்கிறது என்ற நினைப்பில் கோப்புகளோடு வந்த ஒரு அலுவலக அம்மாள் கதவைத் திறந்து காலை வைத்தார். தோள்பை கதவுப் பிடியில் மாட்டிக்கொண்டதால் அம்மாள் மேலேயே நின்றார். இடது கால் செருப்பு மட்டும் ஒன்பது மாடி இறங்கியது. விசாரணை நாளில் மேலாளர் அந்தச் செருப்பை மேசை மேல் வைத்திருந்தார். மேல்கீழ் பதில் சொல்ல வாயைத் திறந்ததும், மிச்ச விவரம் அறையில் இருந்த எல்லோர் மூக்குக்கும் போய்ச் சேர்ந்தது.

வேலையை விட்டு அனுப்பவில்லை. உயரமான கட்டடங்களைப் பிடுங்கிக்கொண்டு, குட்டையான பழைய லிஃப்டுகளை மட்டும் விட்டு வைத்தார்கள். கம்பெனி மருத்துவர் ஒரு தொலைபேசி எண் கொடுத்தார். பணியாளர் பிரிவு மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்தது. அட்டையில் பன்னிரண்டு கட்டங்கள். குடியை நிறுத்தியவர்கள் கூடும் குழு ஒன்றில் வாரம் ஒரு நாள் போய் உட்கார வேண்டும்; உட்கார்ந்ததற்கு ஒரு கட்டத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று மாதத்தில் பன்னிரண்டும் நிரம்பினால் வேலை. நிரம்பாவிட்டால் மேலாளர் எழுந்து நின்று கை குலுக்குவார், அவ்வளவுதான்.

எண்ணைக் கூப்பிட்டார். எடுத்த குரல் பெயரைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஆறு மணி, இன்ன தெரு, இன்ன கட்டடம், நாலாம் மாடியில் தையல் வகுப்பு நடக்கிற அறை என்றது. லிஃப்ட் இருக்கிறது, சிரமமே இருக்காது என்று தைரியமும் சொன்னது. அந்த லிஃப்ட் மேல்கீழ் பராமரிக்கிற லிஃப்ட்.

இங்கேதான் வம்பு. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். சீவிய தலையோடு, வெறுங்கையை வீசிக்கொண்டு, ஆறு மணிக்கு நாலாம் மாடிக்குப் போனால் எதற்குப் போகிறார் என்று காவலாளி தொடங்கிப் பல் மருத்துவர் வரைக்கும் புரிந்துவிடும். டூல்ஸ் பையோடு போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ரிப்பேர்க்காரன் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம் என்பது உலக வழக்கம். ஆகவே முதல் செவ்வாயன்று ஐந்தே முக்காலுக்கு அவர் பையோடு வந்தார். கீழே 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையை மாட்டினார். எப்போதும் பூட்டியே கிடக்கும் மூன்றாம் மாடிக்குப் போய், சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்து, லிஃப்டின் கூரை மேல் இறங்கினார். கதவை உள்ளிருந்து சாத்தினார். கூரையில் இருக்கும் விசையை அழுத்தி, அங்குலம் அங்குலமாக மேலே போனார். அவர் தலை நாலாம் மாடிக் கதவுக்கு நேராக வந்ததும் நிறுத்தினார்.

அந்தக் கதவைத் திறந்தால் நடைபாதை. மூன்று எட்டு வைத்தால் தையல் வகுப்பு. திட்டம் அதுதான். திறப்பதற்கு முன்னால் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். தையல் இயந்திரங்களை உறை போட்டுச் சுவரோரம் தள்ளிவிட்டு ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் இருந்த ஒருவர் கால்கள் தானாகவே தையல் இயந்திரத்தின் மிதியை ஆட்டிக்கொண்டிருந்தன. புழுக்கத்துக்காக அறைக் கதவு திறந்தே இருந்ததால் பேச்சு அட்சரம் பிசகாமல் கேட்டது. மேல்கீழ் கொண்டியில் கையை வைத்தார். கையை எடுத்தார். கூரையின் குறுக்கு இரும்பில் உட்கார்ந்தார். ஏழேகாலுக்கு அவர்கள் கலைந்து படி இறங்கிப் போன பிறகு, அவரும் வந்த வழியே இறங்கி, புத்தகத்தில் 'கதவு உராய்வு' என்று எழுதிவிட்டு, நேராகக் கடைக்குப் போய்க் குடித்தார்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள். அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. நாள் முழுக்க, இது தெரியுதா, இப்போ தெரியுதா என்று கேட்டுக் கேட்டு, மறைக்க நினைப்பவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அட்டையைக் கேட்டாள். கையெழுத்துப் போடுகிறவர் வரவில்லை என்றார். அடுத்த வாரம், அவர் பேனா எழுதவில்லை என்றார். மூன்றாவது வாரம் அவள் அட்டையை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"என்னங்க, எந்த லென்ஸ் போட்டுப் பாத்தாலும் இது வெறும் கட்டம்தான்."

"போனேன்னு சொல்றேன்ல."

"நீங்க போனதை நம்பறேன். உள்ள போனீங்களான்னுதான் தெரியல."

மூன்று எட்டுத் தூரத்தைக் கணவன் மனைவிக்குள் எப்படி விளக்குவது.

ஆனால் சும்மா உட்கார அவர் கை விடாது. கேட்டுக்கொண்டே வழித்தண்டவாளங்களைத் துடைத்தார், உருளைகளுக்கு எண்ணெய் விட்டார், தளர்ந்த திருகுகளை முறுக்கினார். ஒரு மாதத்தில் ஊரிலேயே நன்றாக ஓடக்கூடிய லிஃப்ட் அதுதான். ஓடாத லிஃப்டும் அதுதான். இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. மூன்றாவது செவ்வாய், கூட்டம் முடிந்து கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார். ஏன் என்று அவரிடம் காரணம் இல்லை. கேட்டது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, வழியில் கடை வந்தது தெரியவில்லை என்பார். நாலாவது வாரம் இரண்டு நாள் வழுக்கினார். ஐந்தாவது வாரத்திலிருந்து வழுக்கவில்லை. கைநடுக்கம் வந்து, வியர்த்து, நின்றது. அந்த வாரம்தான் தூசி மூக்கில் ஏறித் தும்மியதும். லிஃப்ட் குழிக்குள் தும்மினால் அது நாலு மாடிக்கும் சொந்தமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாதது இல்லை. அடக்க முடியவில்லை.

ஏழாவது செவ்வாய் அவர் அகப்பட்டது தும்மலால் இல்லை, சிரிப்பால். அன்று பேசியவர் குழுவின் அறைச் சாவியை வைத்திருக்கும் சலூன்காரர். நிறுத்தி நாலு வருடம் ஆனவர். குடித்த காலத்தில் கடையில் யாருக்கும் தெரியாமல் இருக்க, தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டி ஒன்றில் சரக்கை ஊற்றி வைத்திருப்பாராம். பக்கத்திலேயே நிஜத் தண்ணீர்ப் புட்டி. ஒரு நாள் அவசரத்தில் புட்டி மாறிவிட்டது. நாற்காலியில் இருந்தவர் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்.

"ஒரு சொட்டு தொடாத மனுஷன். கால் புட்டியைத் தலை முழுக்க அடிச்சுட்டேன். வீட்டுக்குப் போனவரை அந்தம்மா வாசல்லயே நிக்க வெச்சுடுச்சு. சத்தியம் பண்ணியிருக்காரு, நம்பல. அடுத்த மாசம் வந்தாரு. 'உன் கடையில முடி வெட்டிக்கிட்டா ஏன்யா எனக்குத் தலை சுத்துது'ன்னு கேட்டாரு. 'உங்களுக்குப் பித்தம் சார்'னு சொல்லி அனுப்பிட்டேன்."

அறையில் சிரித்தார்கள். லிஃப்ட் குழியிலும் ஒருவர் சிரித்தார். அறையில் சிரிப்பு அடங்கிய பிறகும் குழியில் அடங்கவில்லை. மேலே முட்டிக் கீழே போய் இன்னொரு முறை வந்தது.

வட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, முழங்காலைப் பிடித்தபடி லிஃப்ட் கதவை நோக்கி வந்தார். குழுவில் அவரைப் பத்திரக்கார அக்கா என்பார்கள். வீடு, மனை வாங்குபவர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அறுபது தாண்டியவர், குடியை விட்டுப் பதினொரு வருடம். இடுக்கில் வாயை வைத்துக் கேட்டார்.

"உள்ள யாரு?"

"லிஃப்ட் ரிப்பேருங்க."

"ஏழு வாரமாவா?"

"ஆமாங்க."

"அப்படி என்ன ரிப்பேர்?"

உள்ளே ஒரு திருகை முறுக்கும் சத்தம் கேட்டது. அக்கா காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, பத்திர அலுவலகத்தில் முப்பது வருடம் காத்திருந்த பழக்கம்.

"எண்பத்து நாலு படி தம்பி" என்றார் கடைசியில். "வாரா வாரம் எண்ணி எண்ணி ஏறறேன். என் முட்டி உங்களை என்னென்ன சொல்லித் திட்டியிருக்குன்னு தெரியுமா? வெளிய வாங்க."

"கையெல்லாம் கிரீஸுங்க."

"இங்க யாரும் உங்க கையைப் பிடிச்சு ஜோசியம் பாக்கப் போறதில்ல."

கொண்டி விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மேல்கீழ் இடுப்பளவு உயரத்தில் கையை ஊன்றி நடைபாதைக்கு ஏறினார். ஏறியதும் முதல் காரியமாகத் திரும்பி, கதவைச் சாத்தி, கொண்டி விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு மூன்று எட்டு வைத்து உள்ளே போய், காலியாக இருந்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தான் ஒரு குடிநோயாளி என்றும் நிறுத்திப் பதினேழு நாள் ஆகிறது என்றும் தரையைப் பார்த்துச் சொன்னார். யாரும் ஆச்சரியப்படவில்லை. அங்கே இருந்தவர்கள் கட்டிலுக்கு அடியில், கார் டிக்கியில், மாமனார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒளிந்தவர்கள். லிஃப்ட் கூரை ஒன்றுதான் புதிது.

கூட்டம் முடிந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். மூன்று மாதத்தில் மிச்சம் இருப்பது ஆறு வாரம், இன்றைக்கு ஒன்று, ஆக ஏழு; கட்டமோ பன்னிரண்டு. வேலை போய்விடும் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். சலூன்காரர் இளகிய மனசுக்காரர். பேனாவைத் திறந்தார்.

"முதல் வாரத்துலேருந்து கேட்டுட்டுத்தான இருந்தீங்க. போட்டுத் தர்றேன் விடுங்க. தேதி மட்டும் சொல்லுங்க."

"மூடுங்க பேனாவை" என்றார் அக்கா.

"அக்கா, ஒருத்தர் பொழப்புக்கா."

"நானும் ஒருத்தர் பொழப்புன்னுதான் முன்தேதி போட்டேன்." அந்தக் கதை அறையில் எல்லோருக்கும் தெரியும், குழிக்குள் இருந்ததால் மேல்கீழுக்கும் தெரியும். குடி மப்பில், கெஞ்சியவருக்காக ஒரு விற்பனைப் பத்திரத்தில் நாலு மாதத்துக்கு முந்தைய தேதியைப் போட்டு எழுதிக் கொடுத்தார். அந்த மனையில் இப்போது அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சுவர் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்; அக்காவின் உரிமம் போய்ப் பன்னிரண்டு வருடம்.

சலூன்காரர் விடவில்லை. இது முன்தேதி இல்லை, நடந்ததைத்தானே போடுகிறோம், ஆள் இங்கேயே இருந்திருக்கிறார் என்று வாதாடினார். ஆனால் அவர் யாரிடம் வாதாடுகிறார் என்பதை மறந்துவிட்டார்.

"இங்கேயேன்னா எங்க?" என்றார் அக்கா. "இந்த ரூமுக்கு எல்லை என்ன? வடக்கே ஜன்னல் சுவர். மேற்கே கழிப்பறை. தெற்கே நடைபாதை. கிழக்கே லிஃப்ட் குழி. எல்லையில இருக்கறது சொத்துக்குள்ள வராது. குழியில உக்காந்தவரு ரூமுக்குள்ள இருந்தவரா எந்தப் பத்திரத்திலயும் எழுத முடியாது. இன்னிக்கு உள்ள வந்தாரு. இன்னிக்கு ஒண்ணு போடுங்க. முதல் கட்டத்துல."

சலூன்காரர் முதல் கட்டத்தில் போட்டார். ஏழு வாரத்துக்கு ஒரு கையெழுத்து. மேல்கீழுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வரைபடத்தில் காட்டிய இடத்தில் கம்பி இல்லாதபோது எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

அக்கா படியை நோக்கி நடந்தவர் திரும்பினார். "இன்னொண்ணு. ஆறு வாரம் எங்க கதையெல்லாம் ஓசியில கேட்டிருக்கீங்க. ஆறு கதை நீங்க எங்களுக்குத் தரணும். அது என் முட்டிக் கணக்குல சேராது, அது தனி." பிறகு, மேல்கீழ் கீழே போய்ப் பலகையைக் கழற்றி லிஃப்டை ஓட விடும்வரை, தையல் வகுப்பு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்காவின் முட்டி அதற்கு மேல் ஒரு படிக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் மனைவி அட்டையைப் பார்த்தாள். ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே கட்டை விரல் அளவுக்கு கிரீஸ். நடந்ததைக் கேட்டபோது இரண்டு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். கம்பெனியில் சொல்லிவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். எதை என்று கேட்டாள். எல்லாவற்றையும் என்றார்.

அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்த மெக்கானிக்கை லிஃப்ட் கம்பெனி ஒருவேளை மன்னிக்கும். நன்றாக ஓடுகிற லிஃப்டை நிறுத்திவிட்டுப் பழுது என்று புத்தகத்தில் எழுதுகிறவனை மன்னிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால், அட்டையில் குறைவு என்ற ஒரு குற்றத்தோடு போகும். இரவு முழுக்க அவள் இதை எடுத்துச் சொன்னதாகவும், காலையில் அவளே புத்தகத்துக்கு வேண்டிய பேனாவைத் தேடிக் கொடுத்ததாகவும் தெரிகிறது.

மறுநாள் மேல்கீழ் காவலாளியின் மேசையில் நின்று, 'கதவு உராய்வு' என்ற ஏழு பதிவுகளுக்கும் நேரே ஒரே வரியை ஏழு முறை எழுதினார்: பழுது எதுவும் இல்லை, மெக்கானிக் கூரை மேல் உட்கார்ந்திருந்தார். பேயை நம்பாத காவலாளியே அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். புத்தகத்தின் நகல் அன்று மாலையே மேலாளர் மேசைக்குப் போனது.

"லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்லையா?" என்றார் மேலாளர்.

"இல்லைங்க சார்."

"கோளாறே இல்லாத லிஃப்டுக்கு ஏழு தடவை போயிருக்கீங்க."

"ஆமா சார்."

"கோளாறு இருக்கற லிஃப்டுக்குப் போகச் சொன்னா உங்காளுங்க எனக்கு ஏழு காரணம் சொல்றாங்க." அவர் நகலை இன்னொரு முறை படித்தார். "இதை எழுதச் சொல்லி யாராவது நெருக்கினாங்களா?"

"இல்லைங்க சார். நானாத்தான்."

மேலாளர் அந்த ஏழு வரிகளையும் விரல் வைத்து எண்ணினார். லிஃப்ட் தொழிலில் தானாக நிற்கிற லிஃப்டைக் கண்டிருக்கிறார். தானாக எழுதுகிற மெக்கானிக்கைக் கண்டதில்லை போலிருக்கிறது. முடிவு மூன்று நாள் கழித்து வந்தது. கூரை மேல் ஏறும் அனுமதி ரத்து. உதிரி பாகக் கிடங்கில் வேலை. உருளை, திருகு, கம்பி எடுத்துக் கொடுக்க வேண்டும். சம்பளத்தோடு வரும் படித்தொகை குறையும். கெடு இன்னும் மூன்று மாதம் நீளும். பன்னிரண்டு கட்டமும் நிரம்பினால் கூரையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கிடங்குக்கு ஜன்னல் இல்லை. முன்னால் அவரிடம் பாகம் கேட்டு நின்ற இளைய மெக்கானிக்குகள் இப்போதும் அவரிடம்தான் கேட்டு நிற்கிறார்கள். ஆனால் வாங்கிக்கொண்டு மேலே போவது அவர்கள். அந்த லிஃப்ட் வேறொருவர் பொறுப்புக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு அது ஒழுங்காக ஓடுகிறது. பேய் ஓடிவிட்டது என்று முதல் மாடியில் நம்புகிறார்கள், எப்படி விரட்டினார்கள் என்பதற்கும் ஒரு கதை தயார். மேல்கீழ் சீவிய தலையோடு, பை இல்லாமல், பத்திரக்கார அக்கா பக்கத்தில் நின்று அதில் ஏறுகிறார். இரண்டாம் மாடி தாண்டும்போது லேசாக ஒரு உரசல் கேட்கும். புது ஆள் எண்ணெய் விடவில்லை. அக்காவிடம் சொன்னார்; உங்க வேலையை நீங்க பாருங்க என்றார் அக்கா.

அட்டையில் ஒன்பது கட்டம் நிரம்பியிருக்கிறது. கதைகளில் ஐந்து சொல்லியாகிவிட்டது. மூன்று சிரிக்கிற கதை. ஒன்று மனைவியின் வளையலைப் பற்றியது. ஒன்று அவ்வளவு நன்றாக இல்லை, சலூன்காரர் பெருந்தன்மையோடு தலையாட்டிவைத்தார். ஆறாவது வரவில்லை. இனிமேல் தன்னிடம் கதையே இல்லை என்கிறார். வளையல் கதை சொன்ன அன்றைக்கு முதலில் இன்னொன்றைச் சொல்ல வந்து விட்டுவிட்டது போலத் தெரிந்ததே என்று அக்கா கேட்டுப் பார்த்தார். அது வேண்டாமே என்றார். வேறு ஒன்றைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்களா என்றும் கேட்டார். ஏற்றுக்கொள்வோம், ஆனால் அது ஏழாவதாகக் கணக்காகும், ஆறாவது பாக்கியாகவே நிற்கும் என்றார் அக்கா.

போன செவ்வாய் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வாசலில் நின்று நினைவுபடுத்தினார்.

"ஒண்ணு நிக்குது தம்பி."

"தெரியும்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாற்காலியைத் தூக்கினார்.